கடிக்காத பூட்ஸ்

அக்டோபர் 4, வெள்ளி

இன்று காப்பித் தோட்டத்துக் கீழ்க்காட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். எனக்கே தெரியவில்லை. வாசலில் மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த, காட்டு வேலைக்கு வரும் வெள்ளத்தாய்தான் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன டீச்சர், இன்னொண்ண ஆருக்குத் தானம் பண்ணிட்டு வாரீக?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் சேறு பூசிக்கொண்டு வெறுமையாக நின்றது. வெள்ளத்தாய் போய்த் தேடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்ததென்று கொண்டுவந்து போட்டாள். தொட்டியிலிருந்து வீடு வரை சரளைக்கல் பாதை.

செருப்பின் வார் தளர்ந்திருக்கிறது. நான் ஒல்லி, என் காலும் சிறியது. நான் மட்டும் போட்டு நடந்தால் வார் இப்படித் தளராது. மத்தியானம் நான் படுத்திருக்கும்போது வாசலில் கிடக்கும் செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் காட்டில் பகல் முழுக்க இருப்பது நானும் வெள்ளத்தாயும்தான். அவளைச் சொல்லவில்லை. ஆனால் எழுதி வைக்கிறேன். பார்த்ததை முதலில் எழுது, காரணத்தைப் பிறகு யோசி என்று பணிக்காலம் முழுக்க அறிவியல் வகுப்பில் சொல்லி வந்தவள் நான்.

எப்படியானாலும் மழைக்கு முன் நல்ல பூட்ஸ் ஒன்று வாங்கிவிட வேண்டும். கணுக்காலை மூடுவதாக, அடுத்தவர் எளிதில் மாட்டிக்கொள்ள முடியாததாக.

அக்டோபர் 6, ஞாயிறு

சுகந்தி பேசினாள். திருப்பூரிலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். ஒரே மகள்.

"சுகர் பாத்தியாம்மா?"

"பாத்தேன். பரவாயில்ல."

கருவியில் போடும் பட்டை தீர்ந்து கொஞ்ச நாளாகிறது. மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேன், அதைச் சொன்னேன்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்க. அப்பா வச்ச காப்பின்னு நீ சொல்றதுனாலதான் இன்னும் விட்டு வச்சிருக்கேன். ஒரு தடவ விழுந்த, ஒரு புண்ணு வந்துச்சுன்னு தெரிஞ்சுது, மறுநாளே வந்து அள்ளிப் போட்டுக் கூட்டியாந்துருவேன்."

சொன்னால் செய்பவள். அங்கே எனக்கென்று மாடியில் அறை தயாராக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அவர் போன பிறகு இந்த இரண்டு ஏக்கர்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. இதை விட்டு நான் போகப்போவதில்லை.

சாயங்காலம் காலைக் கழுவ வெந்நீரில் வைத்தேன். சொம்பை எடுக்க வந்த வெள்ளத்தாய் விரலை விட்டுவிட்டு உதறினாள். "ஆத்தாடி! கோழிய முக்குனா றெக்க உரிஞ்சிரும் டீச்சர்!" எதையும் பெரிதாக்கிச் சொல்வது அவள் வழக்கம்.

அக்டோபர் 9, புதன்

பூட்ஸைப் பற்றி யோசித்தேன். ரப்பர் பூட்ஸில் அட்டைப்பூச்சி ஏறாது, ஆனால் உள்ளே கால் வேர்த்து ஊறும். இட்லித் தட்டை மூடி வைத்தால் மூடியில் நீர் கோப்பது போலத்தான். கேன்வாஸ் ஒரே மழையில் ஊறி, காய மூன்று நாள் கேட்கும். தோல் கனம், ஆனால் பழகப் பழகக் காலின் வடிவத்துக்கு வந்துவிடும். அடிப்பாகம் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் குதிகால் போயிற்று. ஒட்டு மட்டும் போட்டது வேண்டாம், தையல் போட்டிருக்க வேண்டும். இவ்வளவும் யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறப்போகிறேன். கடைக்காரன் தலையில் கட்டுவதை வாங்கி வருகிறவள் இல்லை நான்.

அக்டோபர் 14, திங்கள்

காலை பஸ்ஸில் வத்தலக்குண்டு. கடைத்தெருவில் காஜா மைதீன் பாயின் கடை. பெண்களுக்கு அந்த வகையே வருவதில்லையாம்.

"லேடீஸ் காட்டு வேலைக்கு பூட்ஸ் கேக்குறது நீங்கதான் மொத ஆளு டீச்சரம்மா. ஆம்பளைங்க சைஸ்ல சின்னது ஆறு. ஆனா ஒங்களுக்கு ஏழு எடுக்கிறேன்."

"ஏன், ஆறு எடுங்க."

ஆறைப் போட்டதும் அவர் குனிந்து பூட்ஸின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "முன்னாடி ஒரு வெரல் அகலம் எடம் வேணும்மா. இதுல வெரலு போயி முட்டுது. சைடுலயும் பிதுங்குது பாருங்க. கடிக்கலயா?"

"எங்கயும் கடிக்கல."

"புது பூட்ஸு கடிக்கலன்னு சொன்ன ஆள நான் பாத்ததே இல்ல."

ஏழைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே கால் இருப்பதே தெரியவில்லை. ஆறில்தான் ஒரு பிடிமானம் தெரிந்தது. அந்த ஏழின் அட்டைப்பெட்டி மேல் விரற்கடைத் தூசி. வெகுநாளாக விற்காமல் கிடப்பதை என்னிடம் தள்ளப் பார்க்கிறார் என்று புரிந்துபோயிற்று.

"சாயந்தரமா வந்து போட்டுப் பாருங்க. நடந்து நடந்து பொழுது சாயும்போது காலு கொஞ்சம் உப்பும். அப்ப எடுக்குறதுதான் சரியான அளவு."

"எங்க மலைக்கு நாலு மணிக்கு மேல பஸ் இல்ல பாய். சாயந்தரம் வந்தா ஒங்க கடையிலதான் படுக்கணும்."

சிரித்தார். ஆறையே கட்டிக் கொடுத்தார். "மொத நாளே முழுசாப் போட்டுறாதீங்க. வீட்டுக்குள்ள ஒரு மணி நேரம் போட்டுக் கழட்டிப் பாருங்க" என்றார். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கச் சொல்கிறார்! பூஜையறையை எங்கே கொண்டு வைப்பது?

அக்டோபர் 15, செவ்வாய்

விடிந்ததும் மாட்டினேன், பொழுது சாய்ந்துதான் கழற்றினேன். ஓர் இடத்தில்கூடக் கடிக்கவில்லை. பாய் பயமுறுத்தியதெல்லாம் வீண்.

"போலீசுக்காரம்மா மாதிரி இருக்கு. இனிமே சல்யூட் வச்சுட்டுத்தான் பழம் பறிக்கணும்" என்றாள் வெள்ளத்தாய். வைத்தும் காட்டினாள். நல்ல மனசுக்காரி. அதனால்தான் சில எண்ணங்களை எழுதும்போது கை தயங்குகிறது.

அக்டோபர் 19, சனி

மூன்று நாளாக மழை. பூட்ஸைக் கழற்றியபோது வலது காலுறை சிவப்பாக ஊறியிருந்தது. அட்டை. இந்த மலையில் மழைக்காலத்தில் காலில் ரத்தம் பார்க்காத வீடு கிடையாது. அட்டையின் எச்சில் நம் தோலை மரக்கச் செய்துவிடும், ரத்தத்தையும் உறையவிடாது. கடித்ததும் தெரியாது, குடித்துவிட்டு விழுந்ததும் தெரியாது. பல் பிடுங்குமுன் டாக்டர் ஊசி போட்டு மரக்கச் செய்வது போல என்று வகுப்பில் சொல்வேன்.

வெள்ளத்தாய் உப்பு முடிச்சோடு ஓடிவந்தாள். பூட்ஸுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள்.

"அட்டையக் காணமே டீச்சர்."

"குடிச்சிட்டுப் போயிருக்கும்."

"கயிறு கட்டுன பூட்சுக்குள்ள இருந்து எப்புடிப் போகும்? கதவத் தட்டித் தெறக்கச் சொல்லுச்சாக்கும்?"

பேச்சு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை அந்த பூட்ஸுக்குள் தடுமாறாமல் போனதைக் கவனித்தேன். பழகிய இடத்துக்குள் போவது போலப் போயிற்று.

காலில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டேன். உள்ளங்கால் பக்கம் குனிந்து பார்க்க இடுப்பு வளையவில்லை.

அக்டோபர் 23, புதன்

ராத்திரி அடுப்போரம் வைத்து நன்றாகக் காயவிட்ட பூட்ஸ். காலையில் தொட்டுப் பார்த்துத்தான் போட்டேன்; மொறமொறவென்று இருந்தது. மழையும் இல்லை. மத்தியானம் கழற்றி வாசலில் வைத்தேன். மூன்று மணிக்கு மறுபடி எடுத்தால் வலது பூட்ஸின் உள்மெத்தை ஈரம். காய்ந்த பொருள் தானாக நனையாது. என் கால் வேர்ப்பதே இல்லை, இப்போதெல்லாம் பாதம் வறண்டு வெடித்துக் கிடக்கிறது. அப்படியென்றால் வேர்க்கும் கால் ஒன்று உள்ளே போயிருக்கிறது.

ஒரே ஓர் இடறல். வெள்ளத்தாய் தன் செருப்பைக்கூட என் வாசலுக்குக் கொண்டுவருவதில்லை. கேட்டுக்கு வெளியே பலாமரத்தடியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவாள். என்னிடம் வேலைக்கு வந்த நாள் முதல் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது நினைத்தால், தன் செருப்பை அவ்வளவு தூரத்தில் விடுகிறவளுக்கு வாசலில் கிடப்பது வசதிதானே என்றும் தோன்றுகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாப்பிள்ளைக்கு ஆர்டர் நெருக்கடி என்று சுகந்தி வரவில்லை. எனக்கு நிம்மதி. வெள்ளத்தாய் அதிரசம் கொண்டுவந்தாள், இரண்டு சாப்பிட்டேன். பிறகு மூன்றாவதும்.

முன்னறையில் ஏதோ வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று பெட்டிகளை நகர்த்தித் தேடினாள். எலி இல்லை. கடைசியில் வாடை பூட்ஸிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது நான்தான். வேறு ஆளின் கால் வாடை. என் கால் வாடை எனக்குத் தெரியாதா?

நவம்பர் 3, ஞாயிறு

சுகந்தியிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். "பூட்ஸு செட் ஆச்சாம்மா?" என்று கேட்டாள். ரொம்ப நன்றாக, என்றேன். அது பொய் இல்லை.

நவம்பர் 6, புதன்

பக்கத்துக் காட்டு நாய் கேட்டைத் தாண்டி வந்து என் பூட்ஸை விடாமல் முகர்ந்துகொண்டிருந்தது. விரட்டிவிட்டு எடுத்துப் பார்த்தேன். உள்மெத்தையில் முன்பாதம் அழுந்துமிடத்தில் கறுத்த வட்டம், தொட்டால் பிசுபிசுக்கிறது. காலுறையிலும் அதே இடத்தில் ஓட்டை. ஒரு மாதம்கூட ஆகாத பூட்ஸ். அழுத்தி நடக்கிற, கனமான ஆள்.

சந்தேகத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு அவள் கையால் காப்பி வாங்கிக் குடிப்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. சோதித்துத் தெரிந்துகொள்வதுதான் நேர்மை. மத்தியானம் பூட்ஸைக் கழற்றியதும் வலது பூட்ஸுக்குள் ஒரு பச்சைக் காப்பிக்கொட்டையைப் போட்டுவைப்பேன். யாராவது காலை விட்டால் உறுத்தும், எடுத்து எறிந்துவிடுவார்கள். மூன்று மணிக்கு, உள்ளே தேள் இருக்குமோ என்று வழக்கம்போலத் தட்டும்போது கொட்டை விழுந்தால் யாரும் போடவில்லை. விழாவிட்டால் போட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தைகூட வடிவமைக்கக்கூடிய சோதனை.

நவம்பர் 7, வியாழன்

தட்டினேன். விழுந்தது.

நவம்பர் 8, வெள்ளி

இன்றும் விழுந்தது. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ? மனசு லேசாகி, வெள்ளத்தாய்க்கு என் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தேன். "என்ன டீச்சர், நான் கேக்கவே இல்லையே" என்று சந்தேகமாகப் பார்த்தாள்.

நவம்பர் 9, சனி

விழவில்லை.

இரண்டு முறை தட்டினேன். கவிழ்த்து உலுக்கினேன். கொட்டை இல்லை. கையை விட்டுப் பார்த்திருக்கலாம், அந்தப் பிசுபிசுப்பை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. விழாவிட்டால் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளத்தாய் களத்தில் பழம் கிளறிக்கொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பூட்ஸை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். பொழுது சாயும்வரை மேல்காட்டில் நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் ஏறியது.

நவம்பர் 11, திங்கள்

கேட்டுவிட்டேன். மென்மையாகத்தான் கேட்டேன்.

"வெள்ளத்தாயி, நீ மத்தியானம் என் பூட்ஸைப் போட்டுக்கிறயா? போட்டா தப்பில்ல. சொல்லிட்டுப் போடு. ஒனக்கே ஒண்ணு வாங்கித் தர்றேன்."

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன கேட்டீக?"

"நான் சோதிச்சுப் பாத்துட்டேன்மா. மறைக்க வேண்டாம்."

"எஞ் செருப்ப ஒங்க கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வாரேனே, ஏன்னு என்னைக்காச்சும் கேட்டீகளா? எங்க ஆத்தா, அவுக ஊரு மேலத்தெருவுக்குள்ள போனா செருப்பக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தேன் போகும். நாலு பேரு நாலு விதமா ஏதும் சொல்லிரக் கூடாதுன்னு நான் எஞ் செருப்பையே தள்ளி விடுறவ. நான் ஒங்க செருப்பப் போட்டேனா?"

"நான் அந்த அர்த்தத்துல கேக்கல."

"எந்த அர்த்தத்துல கேட்டீக? இங்க பாருங்க எங் காலை. பாருங்க டீச்சர்! மொறமாட்டம் விரிஞ்சு கெடக்கு. ஒங்க பூட்சுக்குள்ள இதுல பாதி போகுமா?"

நான் பார்க்கவில்லை. அவள் குரல் உயர்ந்ததே எனக்குப் போதுமான பதிலாகத் தோன்றியது. தப்பு செய்த பிள்ளைகள்தான் முதலில் கத்துவார்கள். அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள். பலாமரத்தடியில் செருப்பை மாட்ட நின்றவள், திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

தனியாக அடுப்பு, தனியாகக் களம். பழம் சிவந்துவிட்டது. ஆள் சொல்லியனுப்ப வேண்டும். பூட்ஸை இப்போது வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்கிறேன். இன்றும் உள்ளே ஈரம்.

நவம்பர் 14, வியாழன்

குளிர்காய்ச்சல். மழையில் நனைந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு பழம் பறித்தேன். ஒன்றும் இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

காலுறை ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு ஊறவைத்து உரித்தேன். உரித்த காலுறையோடு அந்தக் காப்பிக்கொட்டை வந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்தேன். கொட்டை இருந்த இடம் குழியாக இருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

விரலால் தொட்டேன். என் விரலுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

மூன்று நாளாக நான் அந்தக் கொட்டையின் மேல் நடந்திருக்கிறேன். மூன்று நாளா? இல்லை, சனிக்கிழமையிலிருந்து ஆறு நாள்.

ஜீப் ஓட்டும் சவரிமுத்துவுக்குப் போன் செய்தேன். சுகந்திக்குச் செய்யவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

திண்டுக்கல் ஆஸ்பத்திரி. ஆறாவது படுக்கை. சவரிமுத்துவே சுகந்திக்குச் சொல்லிவிட்டான். மறுநாளே வந்துவிட்டாள், சொன்னபடி.

வலது சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இறுக்கமான பூட்ஸ் உரசி உரசி எலும்பு வரை போயிருந்ததாம். முன்பாதத்துக் குழியைச் சுத்தம் செய்து கட்டியிருக்கிறார்கள். அதை அட்டை செய்யவில்லை, நான் நடந்து நடந்து செய்தது. அந்த ரத்தமும் ஈரமும் வாடையும் எல்லாம் என்னுடையவை.

டாக்டர் இளம் பெண். கையில் மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, "கண்ண மூடிக்குங்க டீச்சர். இதால பாதத்தத் தொடுவேன். தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். ஃபேன் சத்தம் கேட்டது. பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமினார்கள்.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு டீச்சர்."

சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பிறகு டாக்டர் விளக்கினார். சர்க்கரை கூடிக்கொண்டே போனால் பாதத்து நரம்பு செத்துவிடும். உணர்ச்சி குறைந்தவர்கள் பெரும்பாலும் அளவு குறைந்த செருப்பைத்தான் சரியென்று வாங்குவார்களாம். இறுக்கினால்தான் அவர்களுக்குக் கால் இருப்பது தெரியும். ஏழு வேண்டாம் ஆறு கொடுங்கள் என்று கடையில் நான் அடம்பிடித்தது காதில் ஒலித்தது. "அந்தக் காப்பிக்கொட்டைக்கு நன்றி சொல்லுங்க. அது வெளிய வரலைன்னா இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வந்திருப்பீங்க. அப்ப வெரலோட நின்னிருக்காது" என்றார்.

வெள்ளத்தாயின் காலை நான் பார்க்கவே இல்லை. நீட்டிக் காட்டினாளே.

டிசம்பர் 2, திங்கள்

திருப்பூர் மாடி அறை. சுவர்.

டிசம்பர் 29, ஞாயிறு

புண் மூடிவிட்டது. சுகந்தியோடு சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. கடைசியில் மகள் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள். தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் என் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரை பார்த்துவிட்டு அவளுக்குப் போனில் சொல்ல வேண்டும்.

"நீ சொல்லக் கூடாது. நீ 'பரவாயில்ல'ன்னுதான் சொல்லுவ. வேற ஆளு. அப்படி ஆளு இருந்தா மலைக்குப் போ. இல்லேன்னா இங்கதான்."

அந்த மலையில் எனக்கு வேறு யாரைத் தெரியும்?

ஜனவரி 4, சனி

சவரிமுத்துவின் ஜீப்பில் நேராக வெள்ளத்தாயின் வீட்டுக்கே போனேன். அடுத்த காட்டில் பழம் பறித்துவிட்டு வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலோடு நான் இறங்குவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க டீச்சர். இன்னைக்கு என்னத்தக் காணோம்?"

"ஒரு வெரலு."

அவள் என் காலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அகலச் செருப்பைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் கலங்கியது, உடனே இறுகியது.

"அதையும் நாந்தேன் எடுத்தேனாக்கும்?"

"இல்ல. நானே எடுத்துக்கிட்டேன். பூட்ஸைப் போட்டதும் நான்தான், ஈரமாக்குனதும் நான்தான். நீ ஒண்ணும் பண்ணல. நான் பேசுனது பெரிய தப்பு வெள்ளத்தாயி."

"இதச் சொல்லவா ஜீப்பு வச்சு வந்தீக?"

"இல்ல. ஒண்ணு கேக்கவும் வந்தேன்."

கேட்டேன். தினமும் சாயங்காலம் என் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றபோது எனக்கே வாய் குழறியது. ஒருவர் முன் கால் நீட்டி உட்காருவதே மரியாதை இல்லை என்று வளர்ந்தவள் நான். எத்தனையோ பிள்ளைகள் இந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போயிருக்கிறார்கள். புரட்டிப் பார் என்று யாரிடமும் கேட்டதில்லை.

"நர்சு வச்சுக்கங்க" என்றாள்.

"நர்ஸ்கிட்ட நான் ஒண்ணுமில்லன்னு சொன்னா நம்பிருவாங்க."

"நான் மட்டும்?"

"நீ நம்ப மாட்ட."

வெள்ளத்தாய் முதல்முறையாகச் சிரித்தாள், கொஞ்சமாக. "அது நெசந்தேன். இனி இந்த சென்மத்துல ஒங்க வாயில வாரத நான் நம்பப்போறதில்ல."

"அதுக்குத்தான் ஒன்னத் தேடி வந்தேன்."

கால் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள். சவரிமுத்து ஜீப்பில் ஹாரன் அடித்தான்.

"வாரேன். ஆனா எஞ் செருப்பு இனி ஒங்க வாசல்ல கெடக்கும். ஒங்க செருப்புக்குப் பக்கத்துலேயே."

"கெடக்கட்டும்."

"சுகந்திகிட்ட நான் என்ன சொன்னாலும் குறுக்க பேசக் கூடாது."

"பேசல."

"நான் போகாதேன்னு சொன்னா அன்னைக்குக் காட்டுக்குப் போகக் கூடாது."

பழம் பறிக்கும் காலம்.

"சரி" என்றேன்.

ஜனவரி 11, சனி

இந்த முறை வத்தலக்குண்டுக்குச் சவரிமுத்துவின் ஜீப்பில், பொழுது சாயும் வேளையில். வெள்ளத்தாயும் வந்தாள். காஜா மைதீன் பாய் ஏழு எடுத்தார்; முன்பக்கம் அகலமானது, உள்ளே தையல் உரசாதது. இந்த முறை நான் கடிக்கிறதா இல்லையா என்று சொல்லவே இல்லை. அவர் அமுக்கிப் பார்த்தார். வெள்ளத்தாயும் குனிந்து அமுக்கிப் பார்த்தாள்.

"பாய், தையலு நல்லாத்தான் இருக்கா, இல்ல நம்ம டீச்சருக்குன்னு உள்ள எதையும் வச்சு விக்கிறீகளா?"

"ஏம்மா, என்னையச் சந்தேகப்படுற!"

"ஆரையும் விடுறதா இல்ல."

அவளுக்கு ஒரு ஜோடி வாங்கித் தருகிறேன் என்று சொல்லப்போனேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூட்டிப் பழக்கிவிட்டு, இன்று முதல்முறையாகப் புது பூட்ஸோடு கீழ்க்காடு வரை போய் வந்தேன். மரங்கள் பழம் தாங்காமல் வளைந்து நிற்கின்றன. நாளைக்குள் பறிக்காவிட்டால் பாதி உதிர்ந்துவிடும். ஆள் குறைவு. நாளை நானும் கூடை கட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் வெள்ளத்தாய் வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, "நீட்டுங்க" என்றாள். இன்னும் கூச்சம் போகவில்லை. நீட்டினேன். டார்ச் அடித்து இடது காலை முடித்தாள். வலது காலைத் தூக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல வெள்ளத்தாயி. நல்லாத்தான் இருக்கு."

"செத்த சும்மா இருங்க."

குதிகாலுக்கு மேலே ஓரிடத்தைக் காட்டினாள். அங்கே என்னால் பார்க்க முடியும். மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு. அவள் விரலால் அமுக்கி எடுத்தாள். சிவப்பு வெளுக்கவில்லை; புண் தொடங்கும் இடம் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"காலுறை மடிஞ்சிருக்கும். வலிக்கல" என்றேன், பழக்கதோஷத்தில்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நானே வாயை மூடிக்கொண்டேன்.

பூட்ஸைத் தூக்கிக் கவிழ்த்தாள், தட்டினாள், பிறகு கையை முழுசாக உள்ளே விட்டு முனை வரை தடவினாள். இடது பூட்ஸுக்கும் அப்படியே. அப்புறம் சுகந்திக்குப் போன் போட்டாள். "குதிகாலுக்கு மேல ஒரு செவப்பு. சின்னதுதேன். நாளைக்கு இருக்கா போயிருச்சான்னு பாப்போம். அதுவரைக்கும் வீட்டுலதேன்." அங்கிருந்து சுகந்தி ஏதோ கேட்டாள். "அவுக வலிக்கலங்கிறாக. அதத்தேன் நான் நம்பல."

பழம் பறிக்க வேண்டிய மரங்கள் கண்முன் நின்றன. குறுக்கே பேசவில்லை.

நாளை நான் காட்டுக்குப் போகவில்லை.

மலையில்தான் இருக்கிறேன்.